நின்றால் பத்து நிமிடம்

— ஃபேனா? இந்த புல்லட்டுக்கா? மீன் குஞ்சுக்கு நீச்சல் கத்துக்குடுன்னு கேக்கற மாதிரி இருக்கும்மா நீ கேக்கறது.

— இருக்கட்டும் சக்கரபாணி அண்ணே. போட முடியுமா, முடியாதா? அத்த சொல்லுங்க.

— முடியும் முடியாதுங்கறது அப்புறம். மொதல்ல கேட்டுக்க. இது காத்துல ஆறுற இஞ்சின். தோ பாரு, சிலிண்டரைச் சுத்தி தகடு தகடா மடிச்சு வெச்சிருக்கான் இல்ல, அதுக்குள்ள காத்து பூந்து வெளிய போவணும். அவ்வளவுதான் இதுக்கு வைத்தியம். தண்ணி கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. காத்து பட்டா போதும், பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓடும். கோரிமேட்டுலேந்து மெட்ராஸ் வரைக்கும் நிறுத்தாம போயிருக்கான் உன் வீட்டுக்காரன் முத்துவேலு. ஓடற வண்டிக்கு எதுக்கு ஃபேன்?

— ஓடற வண்டிக்குக் கேக்கலண்ணே. நிக்கற வண்டிக்கு.

— நிக்கற வண்டிக்கா?

— ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு, இஞ்சின மட்டும் ஓட வுடணும். ஒரு மணி நேரம். தேவைப்பட்டா ரெண்டு மணி நேரம்.

— அய்யய்யோ. சின்னப்பாப்பா, அதுக்குத்தானே டேங்கு மேல என் கையால எழுதியே வெச்சிருக்கேன்? தோ, வெள்ளை பெயின்ட்டு, இன்னும் அழியல பாரு. "நின்றால் பத்து நிமிடம்." படிச்சதில்லையா நீ?

— படிச்சிருக்கேன்.

— என் பட்டறைக்கு வர்ற பழைய வண்டி எதுவா இருந்தாலும் இத எழுதாம வெளிய விடமாட்டேன் நான். முத்துவேலு ஒரு வருஷம் மாசி மகத்துல சாமிக்கு முன்னாடி இத ஓட்டிக்கிட்டுப் போனான். ஆள் நடக்கற வேகம், உச்சி வெயிலு, சுத்தி அத்தினி சனம், ஒரு சொட்டு காத்து கிடையாது. வைத்திக்குப்பம் போறதுக்குள்ள பிஸ்டன் பிடிச்சு நின்னுடுச்சு. தள்ளிக்கிட்டு வந்தான். அன்னிக்கு எழுதினது இது. "என்னாய்யா, பஸ்ஸுல 'புகை பிடிக்காதீர்'னு எழுதற மாதிரி எழுதற"ன்னு சிரிச்சான். ஆனா அதுக்கப்புறம் என் பேச்சு நல்லா ஏறிடுச்சு அவனுக்கு.

— நல்லாவே ஏறுச்சு. ஊட்டுல உங்க பேச்சுதான் எப்பவும். "சக்கரபாணி சொன்னா சொன்னதுதான்"ம்பாரு.

— நல்ல மனுசன். பதினாறாம் நாளுக்கு வந்தேன், உன் மொகத்த பாக்கவே தைரியம் வரல, பந்தல்லேயே உக்காந்துட்டுத் திரும்பிட்டேன். ஒரு வருஷம் ஆயிடுச்சா?

— போன வியாழக்கெழம தெவசம் முடிஞ்சுது.

— அப்ப ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. இத குடுத்துடு. வெள்ளைக்காரத் தெருவுல ஓட்டல் வெச்சிருக்கற ஒருத்தர் வாசல்ல நிறுத்தி அழகு பாக்கறதுக்கு பழைய புல்லட்டா தேடிக்கிட்டிருக்காரு. இதுவோ உன் மாமனாரு ஒரு சொல்தா கிட்டேந்து வாங்கினது. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு வந்த மனுசன் ஓட்டின வண்டின்னா கண்ணுல ஒத்திக்குவாரு. ஆனா துளை போட்டு ஃபேனைக் கட்டிட்டா, கேட்டுக்க, அதுக்கப்புறம் சீந்தமாட்டாங்க.

— விக்க வரலண்ணே.

— உனக்கு ஓட்டவும் தெரியாதே?

— உதைக்கத் தெரியும்.

— என்னாது?

— உதைச்சு ஸ்டார்ட் பண்ணத் தெரியும், லைட்டு போடத் தெரியும், நிறுத்தத் தெரியும். அவரு எனக்குக் கத்துக்குடுத்தது இந்த மூணுதான். கியரு எந்தப் பக்கம்னு கேட்டீங்கன்னா முழிப்பேன். லைட்டுக்குத்தாண்ணே எங்களுக்கு இந்த வண்டியே.

— லைட்டுக்கு வண்டியா? இரு இரு. ஹேமா! ஏ ஹேமலதா! அந்தக் காயில் சுத்தறத அப்படியே வெச்சுட்டு வா. கரண்டு வேலைன்னா அவதான் சரி, நான் சொன்னா தப்பாப் போயிடும்.

— வந்துட்டேன். வாங்கக்கா. எப்படி வந்தீங்க அவ்வளவு தூரத்துலேந்து?

— குட்டி யானையில வண்டிய ஏத்திகினு வந்தேன் அண்ணி. பக்கத்து ஊட்டுப் புள்ள கொண்டாந்து எறக்கி வுட்டுச்சு. ஒரு மணிக்குத் திரும்ப வரும். அதுக்குள்ள முடியணும்.

— ஒரு மணிக்கா? என்ன அவசரம்?

— எம் புள்ள ராஜ்கமலு மூணு மணிக்குக் கடல்ல எறங்குறான். மொத தடவ. அப்பா தெவசம் கழியட்டும்னு இத்தினி நாளு புடிச்சு வெச்சிருந்தேன். கழிஞ்சு நாலு நாளு கூட ஆவல, போட்டுக்கு மிஷின மாட்டிட்டான். வேற என்னா வேலைக்குப் போடான்னா, எனக்கு வேற என்னா தெரியும்ங்கறான். அதுவும் நெசந்தானே? வலைய போட்டு இழுத்துகினு எட்டு மணிக்குள்ள கரைக்கு வந்துடுவானாம். "நீ மஞ்ச லைட்டோட நில்லும்மா, அது போதும் எனக்கு"ன்னான்.

— கரையில கம்பத்து லைட்டு இல்லையா?

— போன புயலுக்கு முந்துன புயல்ல உழுந்துது.

— ஜிபிஎஸ் வெச்சிருப்பாங்களே இப்பல்லாம்?

— அது ஊரக் காட்டும் அண்ணி. கல்லக் காட்டாது. கடலு கரையத் தின்னுடுச்சுன்னு ஊரு நெடுக கல்லு கொட்டுனாங்க இல்ல? நடுவுல போட்டு பூர்றதுக்கு ஒரே ஒரு சந்து. ரெண்டு போட்டு சேர்ந்து வர முடியாது. அந்த சந்துக்கு நேரா நான் வண்டிய நிறுத்திக்குவேன். லைட்டுக்கு நேரா வந்தா வழி. இந்தாண்ட அந்தாண்ட போனா கல்லு.

— அப்ப நல்லதா ஒரு எல்இடி விளக்கு வாங்கி வெச்சுக்கலாமே. சார்ஜ் போட்டா ராத்திரி பூரா எரியும். இஞ்சினும் வேணாம், ஃபேனும் வேணாம்.

— கரை பூரா வெள்ளைதான் அண்ணி. ஓட்டலு, ரோடு, விருந்தாளி வந்து தங்கற ஊடுங்க, எல்லாம் வெள்ளை. கடல்லேந்து பாத்தா உப்பு கொட்டி வெச்ச மாதிரி இருக்குமாம், எது எங்கன்னு தெரியாதாம். இது ஒண்ணுதான் மஞ்ச. அதுவும் சும்மா எரியாது. இஞ்சின் அடிக்கற அடிக்கு இதுவும் எரிஞ்சு மங்கி, எரிஞ்சு மங்கி நிக்கும். போட்டுல கூடப் போற அன்பழகன்கிட்ட, "அதோ பாருடா, எம் பொண்டாட்டி கண்ணடிக்கறா"ம்பாராம். அத்த வெச்சித்தான் இருவது வருஷம் கரை சேர்ந்தாரு.

— அது ஆறு வோல்ட் டைனமோ. மெதுவா ஓடறப்ப கரண்டு பத்தாது. அதான் துடிக்குது.

— என்னாவோ அண்ணி. அது மாறக் கூடாது. ஃபேனு போட்டா லைட்டு மங்குமா?

— அதுலேந்தே கரண்டு எடுத்தா அணைஞ்சே போயிடும். ஃபேனுக்குன்னு தனியா ஒரு பேட்டரி வெச்சிடலாம். வண்டி வயரத் தொடவே வேணாம். ஏங்க, பெரிய பைக்குலேந்து கழட்டின ரேடியேட்டர் ஃபேன் ஒண்ணு அலமாரியில கிடக்கே, அது போதுமே?

— போதும் போதும். ஆனா ஹேமா, எனக்கு ஒண்ணு புரியல. கேட்டுக்க சின்னப்பாப்பா, இவ்வளவு எதுக்கு? முத்துவேலுக்கு நான் சொல்லிக்குடுத்த வழி இருக்கில்ல? பத்து நிமிஷம் ஓட்டு. நிறுத்து. பத்து நிமிஷம் ஆற வை. மறுபடி ஓட்டு. அப்படியே செஞ்சிக்கிட்டிருந்தா ஃபேனே தேவையில்லையே?

— அப்படித்தாண்ணே செஞ்சேன் அன்னிக்கு.

— என்னிக்கு?

— அவரு போன அன்னிக்கு. மத்த போட்டெல்லாம் ஆறு மணிக்கே கரை ஏறிடுச்சு. இவருக்கு வலை சிக்கிகிச்சு. அறுத்துட்டு வர மனசில்ல, புது வலை. நான் அஞ்சரைக்கே போயி நின்னேன். பத்து நிமிஷம் லைட்டு, பத்து நிமிஷம் இருட்டு. அவரு வாட்ச்ச கையில கட்டிகினு, அதப் பாத்துப் பாத்து நிறுத்துனேன். வேற நாள்ல ரெண்டு தரம், மூணு தரம் நிறுத்தறதுக்குள்ள வந்துடுவாரு. அன்னிக்கு ஏழாவது தரம் நிறுத்திட்டு ஒக்காந்திருந்தேன். அப்பத்தான் மிஷினு சத்தம் கேட்டுது.

— அக்கா, தண்ணி குடிங்க. மெதுவா சொல்லலாம்.

— வேணாம் அண்ணி. ஓடிப் போயி உதைச்சேன். சூடா நின்ன வண்டி, புடிக்கல. மறுபடி உதைச்சேன். காலு வழுக்கி கணுக்காலு பேந்துது. ஏழு ஒதையோ எட்டு ஒதையோ, எண்ணல. புடிச்சு, லைட்டு வந்து, நிமுந்து பாத்தா போட்டு கல்லு மேல நிக்குது. அன்பழகன் நீந்திட்டான். அவரத் தலையில கல்லு அடிச்சிடுச்சு. அன்பழகன் பதினாறு முடிஞ்ச பொறவுதான் வாயத் தொறந்தான். "லைட்டு தெரிஞ்சுது அண்ணி, அப்புறம் போச்சு. அண்ணன், 'இன்னேரம் லைட்டு திரும்ப வந்திருக்கணும், தெக்கால வந்துட்டம்டா, இது நம்ம எடம் இல்ல'ன்னு வடக்க திருப்புனாரு"ன்னான்.

— கடவுளே.

— அவன் என்னைக் குத்தம் சொல்லலண்ணே. அழுதுகினே சொன்னான். நான்தான் ராவும் பகலும் அதையே போட்டு உருட்டிகினு கெடக்கறேன்.

— சின்னப்பாப்பா... அன்னிக்கு வண்டிய எங்க நிறுத்தியிருந்த? ஊட்டுச் செவுத்து மறைவுலயா? படகு கவுத்து வெச்சிருக்கற எடத்துக்குப் பின்னாடியா?

— இல்லண்ணே. கடக்கரையில, அலை வந்து தொடற எடத்துக்குக் கொஞ்சம் மேல.

— எந்தப் பக்கம் பாத்து?

— கெழக்கதான். கடலப் பாத்து. பின்ன லைட்டு எப்படித் தெரியும்?

— காத்து இருந்துச்சா?

— காத்தா? கொண்டக் காத்து. கடல்லேந்து நேரா மூஞ்சியில அடிக்குது. முந்தானை நிக்கல, இடுப்புல சொருவி சொருவி வெச்சிகினேன். மண்ணு வந்து கண்ணுல வாருது. ஏண்ணே?

— ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.

— மொகம் ஏன் ஒரு மாதிரி ஆயிடுச்சு உங்களுக்கு?

— ஒண்ணுமில்லம்மா. முத்துவேல நெனச்சேன்.

— நான் ஒண்ணு கேக்கணும்ணே. ஃபேனுக்கு மட்டும் வரல நான். இத யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம ஒரு வருஷமா வெச்சிருக்கேன். உங்ககிட்ட வரவும் பயம். இன்னிக்குப் புள்ள கடலுக்குப் போறான், கேக்காம அங்க போயி நிக்க முடியாது என்னால. கேக்கட்டா?

— கேளு.

— நான் நிறுத்தாமலே வெச்சிருந்தா என்னா ஆயிருக்கும்? சொல்லுங்கண்ணே. எரிஞ்சிருக்குமா? காத்து பட்டா போதும்னு இப்ப சொன்னீங்களே. அவ்வளவு காத்து அடிச்சுதே அன்னிக்கு.

— அது வேற காத்தும்மா. ஓடற வண்டிக்கு வண்டியே காத்தக் கிழிச்சிக்கிட்டுப் போவுது. நிக்கற வண்டி மேல படற காத்து ஆளுக்குத்தான் குளிரும். இஞ்சினுக்கு உள்ள போவாது.

— அப்ப நிறுத்தாம இருந்திருந்தா?

— பிடிச்சிருக்கும். அரை மணி நேரத்துல பிஸ்டன் பிடிச்சிருக்கும். அன்னிக்கு மாசி மகத்துல ஆச்சே, அதே மாதிரி. லைட்டு ஒரேடியாப் போயிருக்கும். நீ எவ்வளவு உதைச்சாலும் அப்புறம் வந்திருக்காது.

— நெசமாவா?

— நெசமா.

— அப்ப நான் செஞ்சது தப்பில்லியே?

— தப்பே இல்ல. நீ செஞ்சதுதான் சரி. யாரா இருந்தாலும் அத்ததான் செஞ்சிருக்கணும்.

— போதும்ணே. போதும். நீங்க சொன்னா சொன்னதுதான். ஒரு வருஷமா சோத்துல கைய வெச்சா அவரு மொகம் வந்து நிக்கும். "ஏண்டி அணைச்ச?"ன்னு. ஒரு வாய் எறங்காது. போதும். இன்னிக்கு தைரியமா போயி நிப்பேன்.

— அழாதீங்கக்கா. வேலை ரெண்டு மணி நேரம் ஆவும். எதுத்தாப்புல போயி மூஞ்சி கழுவி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. காலையிலேந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க.

— ஆமா அண்ணி, பசிக்கற மாதிரிதான் இருக்கு. ரெண்டு இட்லி கெடைக்குமா அங்க?

— கெடைக்கும். போயிட்டு வாங்க.

— அண்ணே, ஒண்ணு. புள்ள வர லேட்டாச்சுன்னா நிறுத்த மாட்டேன் நான். ஃபேனு அத்தினி நேரம் தாங்கும் இல்ல?

— தாங்கும்மா. நீ நிறுத்தவே நிறுத்தாத. யார் வந்து சொன்னாலும் நிறுத்தாத. நான் சொல்றேன்.

— சரிண்ணே. டீ குடிச்சிட்டு வந்துடறேன்.

— போயிட்டாங்க. இந்தாங்க ஃபேன். சுத்திப் பாத்துட்டேன், நல்லாத்தான் ஓடுது. முன்னாடி குழாயில வெச்சுக் கட்டிடலாமா? அப்பத்தான் நேரா சிலிண்டர் மேல ஊதும்.

— முன்னாடி வேணாம். பக்கவாட்டுல கட்டு.

— பக்கவாட்டுல கட்டுனா பாதிக் காத்து வெளியதான் போவும்.

— போவட்டும். முன்னாடி கட்டுனா கடல் காத்த மறைக்கும்.

— கடல் காத்தையா?

— வயர எடு. ஒரு மணிக்கு வண்டி வந்துடும்.

— ஏங்க, ஆளுக்குத்தான் குளிரும், இஞ்சினுக்கு உள்ள போவாதுன்னீங்களே அந்தக் காத்து. அத்த எதுக்கு மறைக்காம பாத்துக்கறீங்க?

— அந்த பிளேட இப்படிக் குடு.

— டேங்க ஏன் பிளேடு போட்டு சுரண்டறீங்க? உங்க எழுத்து அது. பெயின்ட் அடிக்க வந்தவன் அழிச்சிட்டான்னு ஒரு தடவ அவனைப் பட்டறைய விட்டே துரத்துனீங்க.

— இனிமே இது வேணாம்.

— இந்த வண்டியில மட்டுமா?

— எல்லா வண்டியிலயும். ஊருக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கறவனுக்கு எழுதினது ஹேமா இது. மே மாசத்துக்கு, கூட்டத்துக்கு, சந்துக்கு. எந்த எடத்துலன்னு நான் எழுதல. எல்லாருக்கும் புரியும்னு நெனச்சேன். பெரிய இவன் மாதிரி நாலு வார்த்தையில முடிச்சுக்கிட்டேன்.

— மூணு வார்த்தை.

— மூணு வார்த்தை. அத்த ஒருத்தி வாட்ச்சு பாத்து நடத்தியிருக்கா.

— அவங்க கிட்ட சொல்லியிருக்கலாம் நீங்க.

— என்னான்னு? நீ நிறுத்தியிருக்க வேணாம்னா? அதுக்கப்புறம் அவ எப்படி இன்னிக்கு அங்க போயி நிப்பா? இட்லி சாப்பிடப் போயிருக்கா ஹேமா. ஒரு வருஷம் கழிச்சு பசிக்குதுன்னு சொல்லிட்டுப் போறா.

— அது சரி. ஆனா அந்தப் பொய்ய அவங்களுக்காக சொன்னீங்களா, உங்களுக்காக சொன்னீங்களா?

— தெரியல. சத்தியமா தெரியல. வாயத் தொறந்தப்ப அதுதான் வந்துது. நீயே சொல்லு, அவ சாபம் விட்டிருந்தா தாங்கியிருப்பனா நான்?

— அவங்க சாபம் விடறவங்க இல்ல.

— அதான் இன்னும் மோசம்.

— சரி, கைய எடுங்க, வெட்டிக்கப் போறீங்க. நான் சுரண்டறேன். இந்த ஃபேன் இப்ப எதுக்கு?

— அது சுத்தற சத்தம் அவ காதுல விழணும். விழுந்தாத்தான் பயப்படாம இருப்பா, வண்டிய நிறுத்தாம இருப்பா. புள்ளை அந்த சந்துல பூந்து கரை ஏறிடுவான். அதுக்குத்தான் ஃபேன்.

— ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதுக்கப்புறம் கேக்கமாட்டேன். அன்னிக்கு அந்தக் காத்துல, ஃபேன் இல்லாம, அவங்க நிறுத்தாமலே வெச்சிருந்தா எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும்?

— பெட்ரோல் தீர்ற வரைக்கும்.